தூணுக்கு ஒரு விலை, வீட்டுக்கு ஒரு விலை

காரைக்குடியில் எங்கள் தெருக்கோடியில் இருக்கும் பழைய செட்டிநாட்டு வீடு விலைக்கு வந்தபோது, பார்க்க வந்தவர் முதலில் தட்டிப் பார்த்தது வளவுத் தூணை, அதாவது நடுமுற்றத்தைச் சுற்றி நிற்கும் தூணைத்தான். பர்மா தேக்கு. முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் தூணும் நிலைக்கதவும் தனித்தனியாக விலைபோகும். முழு வீடாக வாங்கத்தான் ஆள் கிடைப்பதில்லை. பங்காளிகள் பல பேர். அத்தனை பேரும் கையெழுத்துப் போட வேண்டும். அப்புறம் ஓடு மாற்ற, ஒழுகலை அடைக்க ஆகும் செலவு. அதனால் வருகிறவர்கள் மனைக்கு மட்டும்தான் விலை பேசுகிறார்கள்.

கானாடுகாத்தான் பக்கம் கதையே வேறு. சில வீடுகள் தங்கும் விடுதியாகிவிட்டன. அதே முற்றமும் ஆத்தங்குடித் தரைக்கல்லும்தான் அங்கே அறை வாடகையை ஏற்றுகின்றன.

சென்னையில் புதுவீடு கட்டுகிறவர்களோ, இங்கே பிரித்தெடுத்த தூணை வாங்கிப்போய் ஹாலில் சும்மா நிறுத்திக்கொள்கிறார்கள். அதற்குக் கொடுக்கும் விலையைச் சொன்னால் எங்கள் தெருவில் நம்பமாட்டார்கள்.