பழுப்பு உறைக்குள் இருந்த ஒரு வரி

1988 டிசம்பரில் லண்டனில் என் மகன் பிறந்தான். சிசேரியன். அதற்குப் பிறகு இரத்தப்போக்கு நிற்கவில்லை, மூன்று பை இரத்தம் ஏற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து அப்போது மூன்று வருடம். "ஊரில் என்றால் செத்திருப்பேன், இங்கே என்றபடியால் தப்பினேன்" என்று அம்மாவுக்குக் கடிதம் எழுதினேன்.

2009இல் தாங்க முடியாத களைப்பு. சோதித்துப் பார்த்துவிட்டு ஹெபடைடிஸ் சி என்றார்கள், இரத்தத்தால் பரவி ஈரலைக் கெடுக்கும் வைரஸ். குடிப்பீர்களா, போதை ஊசி போட்டதுண்டா, இலங்கையில் இரத்தம் ஏற்றினார்களா என்று டொக்டர் வரிசையாகக் கேட்டார். மூன்றுக்கும் இல்லை என்றேன். "இரத்தம் ஏற்றியது இங்கேதான்" என்றதும் எழுதிக்கொண்டிருந்த பேனையைக் கீழே வைத்தார்.

இந்தக் கதையில் நான் தனி ஆள் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. எழுபதுகளில் இருந்து தொண்ணூறுகளின் தொடக்கம்வரை பிரித்தானியாவில் முப்பதாயிரம் பேருக்கு மேல் இரத்தத்தாலும் இரத்தத்தில் இருந்து செய்த மருந்துகளாலும் எச்ஐவியோ ஹெபடைடிஸோ பிடித்தது. சுமார் 3,000 பேர் இறந்துவிட்டார்கள். இரத்தம் உறையாத ஹீமோஃபீலியா வருத்தக்காரருக்குக் கொடுத்த ஃபேக்டர் 8 மருந்து, அமெரிக்காவில் காசு வாங்கிக்கொண்டு இரத்தம் கொடுத்தவர்களிடமும் சிறைக் கைதிகளிடமும் எடுத்ததில் இருந்து வந்தது. என்னைப் போல் பிள்ளைப்பேற்றிலும் சத்திரசிகிச்சையிலும் இரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள் இன்னொரு கூட்டம். ஹெபடைடிஸ் சி வைரஸைக் கண்டுபிடித்தது 1989இல், இங்கே தானம் வரும் இரத்தத்தை அதற்காகச் சோதிக்கத் தொடங்கியது 1991 செப்டம்பரில். உதவிப் பணம் கேட்கும் பத்திரங்களில் அந்த மாதம்தான் எல்லைக் கோடு. அதற்கு முன் ஏற்றினார்கள் என்று காட்ட வேண்டும்.

எதை வைத்துக் காட்டுவது? ஆஸ்பத்திரிக்கு எழுதினேன். பழைய பதிவேடுகள் அழிக்கப்பட்டுவிட்டன என்று நாலு வரியில் பதில் வந்தது. ஹெபடைடிஸ் சி வந்தவர்களுக்கு முதற்கட்டமாக 20,000 பவுண் கொடுக்கும் ஸ்கிப்டன் நிதியம் 2004இல் இருந்தே நடந்துகொண்டிருந்தது. நான் விண்ணப்பிக்கவே இல்லை. ஆஸ்பத்திரிக் கடிதத்தை லாச்சியில் போட்டுவிட்டு எட்டு வருடம் இருந்தேன். அது என் பிழை. அந்த நேரம் வைரஸை விரட்ட இன்டர்ஃபெரோன் ஊசி வேறு: வாரத்துக்கு ஒன்று, 48 வாரம், காய்ச்சலும் அழுகையும். அதுவும் சரிவரவில்லை. "ஈரல் வருத்தமாம்" என்று வெளியே தெரிந்ததும், வாழ்நாளில் ஒரு சொட்டும் குடிக்காத என்னைக் கோயிலில் ஒரு மாதிரிப் பார்த்தார்கள். 2016இல் புது மாத்திரை பன்னிரண்டு வாரம் எடுத்தேன், வைரஸ் போய்விட்டது. ஈரலில் தழும்பு இருக்கிறது.

2017 ஜூலையில் பொது விசாரணை வரும் என்று அரசாங்கம் அறிவித்தது. அதற்கடுத்த வருடம் ஈரல் கிளினிக் தாதி ஒருவர் கேட்டார்: "ஜிபியின் பழுப்பு உறையைப் பார்த்தீர்களா?"

இதைத்தான் எல்லோருக்கும் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். கணினி வருவதற்கு முன் ஒவ்வொரு ஆளுக்கும் ஜிபியிடம், அதாவது குடும்ப டொக்டரிடம், மருத்துவக் காகிதங்கள் போட்ட சின்னப் பழுப்பு நிற உறை ஒன்று இருந்தது. லாய்ட் ஜார்ஜ் உறை என்பார்கள். நாம் வீடு மாறி ஜிபி மாறினாலும் அது பின்னால் வரும். ஆஸ்பத்திரி தன் பிரதியை அழித்திருந்தாலும், வீட்டுக்கு விடும்போது ஜிபிக்கு அனுப்பிய கடிதம் அதற்குள் கிடக்கலாம். என் ஜிபி வரவேற்பில் இருந்த பிள்ளை "எல்லாம் கணினியில்தான்" என்றாள். இல்லை, காகிதம் வேண்டும் என்று எழுத்தில் கொடுத்தேன். 2018 மே மாதத்தில் இருந்து அதற்குக் கட்டணமும் இல்லை.

ஒரு மாதத்துக்குள் அறுபது பக்கம் ஃபோட்டோகொப்பி வந்தது. தடுப்பூசி, இருமல், முழங்கால் வலி. நாற்பதாவது பக்கத்தில் மங்கிய தட்டச்சுக் கடிதம்: பேற்றுக்குப் பின் இரத்தப்போக்கு, மூன்று யூனிட் ஏற்றப்பட்டது. திகதியோடு! கதிரையில் இருந்தபடியே அழுதேன். இவர் ஓடிவந்து யார் செத்தது என்று கேட்டார்.

அதன் பிறகு விண்ணப்பம் பெரிய பாடாக இல்லை. அதற்குள் பழைய நிதியங்களை மூடி, இங்கிலாந்துக்கென்று ஒரே உதவித் திட்டம் ஆக்கியிருந்தார்கள் (ஸ்கொட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்துக்கு வேறு வேறு). படிவத்தில் ஒரு பகுதியை நான் நிரப்பினேன், மறு பகுதியை ஈரல் டொக்டர். 20,000 பவுணும் மாதக் காசும் வந்தன. வருத்தம் அன்றாட வாழ்க்கையைப் பாதித்தால் கூடுதலாகக் கேட்க அப்போது இன்னொரு படிவம் இருந்தது. அதில் முதலில் "சமாளிக்கிறேன்" என்று எழுதினேன். தாதி அதை வெட்டிவிட்டு, "நல்ல நாளை எழுதாதீர்கள், படுக்கையை விட்டு எழும்ப முடியாத நாளை எழுதுங்கள்" என்றார். நம் ஆட்கள் எல்லோரும் இந்த இடத்தில்தான் கோட்டை விடுகிறோம்.

2022 அக்டோபரில் இடைக்கால இழப்பீடு 100,000 பவுண் வந்தது, கேட்காமலே. 2024 மே 20இல், பொது விசாரணையை நடத்திய முன்னாள் நீதிபதி பிரையன் லாங்ஸ்டாஃபின் அறிக்கை வெளியானது. இது விபத்து அல்ல, பெரும்பகுதி தவிர்த்திருக்கலாம், பிறகு மறைக்கவும் செய்தார்கள் என்று சொன்னது. அன்றே பிரதமர் சுனக் பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். அந்த வருடமே இன்னொரு 210,000. இவையெல்லாம் கடைசித் தொகையில் கழியும், அதை மறந்து செலவழிக்கக் கூடாது. வருமான வரி இல்லை, அரசாங்க உதவிப் பணத்திலும் கை வைக்க மாட்டார்கள்.

முழு இழப்பீட்டுக்குத் தனி அதிகாரசபை அமைத்தார்கள், 2024 பட்ஜெட்டில் 11.8 பில்லியன் பவுண் ஒதுக்கினார்கள். 2025இல் என் முறை வந்தது. எனக்கென்று ஒருவரை விட்டார்கள், ஒவ்வொரு முறையும் அவரே கதைத்தார், இலவசமாக வழக்கறிஞரும் கிடைத்தார். உடல் பாதிப்பு, சமூகப் பாதிப்பு, பராமரிப்பு, வருமான இழப்பு என்று ஐந்து தலைப்பு. ஐந்தாவதை இவருக்கு விளங்கப்படுத்தத்தான் பாடுபட்டேன்: என் உடம்பைப் பற்றி முடிவெடுக்கும் உரிமையை என்னிடம் இருந்து எடுத்ததற்குக் காசு. "அதுக்கு எப்படி விலை போட்டாங்கள்?" என்றார். எனக்கும் தெரியாது.

முழுவதையும் எடுப்பதா, மாதக் காசை ஆயுள்வரை வைத்துக்கொண்டு மிச்சத்தை எடுப்பதா என்று கேட்டார்கள். இவர் முழுவதும் என்றார். நான் மாதக் காசு என்றேன். இரண்டு கிழமை வீட்டில் சண்டை, கடைசியில் என் பேச்சுத்தான்.

இப்போது பிள்ளைகளுக்கும் துணைக்கும் தனியாகக் கேட்கும் உரிமை இருக்கிறது. போன ஞாயிறு மகன் தன் விபரங்களை எழுதிக்கொண்டிருந்தான். என் கடிதத்தின் கொப்பியைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான்.

"அம்மா, இரத்தம் ஏத்தின திகதி என்று இதில இருக்கிறது என்ர பிறந்தநாள்."

"ஓம்" என்றேன். "தேத்தண்ணி ஆறுது, குடி."