அசோக் குமாரும் ஒரு டெக்ஸ்ட் ஃபைலும்

2012 ஜனவரி 18, புதன்கிழமை. பொங்கல் லீவு முடிந்து ஆபீஸ் திறந்த முதல் நாள். கோடம்பாக்கத்தில் ஒரு சின்ன இணைய நிறுவனத்தில் நெட்வொர்க் பிரிவில் இருந்தேன். காலை பத்தரைக்கு மேல் புகார் எண்ணுக்கு ஒரே போன். "விக்கிபீடியா வரல சார், உங்க லைன்ல என்ன பிரச்சினை?" லைனில் ஒன்றும் இல்லை. அமெரிக்காவில் கொண்டுவரப் பார்த்த சோபா, பிபா என்ற இரண்டு பதிப்புரிமை மசோதாக்களை எதிர்த்து ஆங்கில விக்கிபீடியா 24 மணி நேரத்துக்குத் தன் பக்கங்களைத் தானே மூடிக்கொண்டிருந்தது. தமிழ் விக்கிபீடியா பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. கூப்பிட்ட ஒரு கல்லூரிப் பையனிடம் "தமிழில் படிங்க தம்பி" என்று சொல்லிப் பார்த்தேன். அவன் சிரிக்கவில்லை.

எனக்கு அந்த மசோதாக்களில் அக்கறை வந்ததற்குக் காரணம் கருத்துச் சுதந்திரம் எல்லாம் இல்லை, டிஎன்எஸ். நாம் தளத்தின் பெயரைச் சொன்னால் அதன் இணைய எண்ணைத் தேடித் தரும் டைரக்டரி அது. திருட்டுப் படம் வைத்திருக்கும் வெளிநாட்டுத் தளங்களை அந்த டைரக்டரியிலேயே மறைத்துவிடு என்பதுதான் மசோதாவின் யோசனை. அதற்கு முந்தைய ஆண்டே ஐந்து பொறியாளர்கள் சேர்ந்து இது ஆபத்து என்று அறிக்கை எழுதியிருந்தார்கள். டிஎன்எஸ் தரும் பதிலை வழியில் யாரும் திருத்திவிடாமல் பாதுகாக்கும் ஏற்பாடு ஒன்று அப்போதுதான் பரவிவந்தது; சட்டமோ பதிலைத் திருத்தச் சொன்னது. ஐவரில் ஒருவர் பால் விக்ஸி. எங்கள் சர்வரில் ஓடிய பைண்ட் என்ற டிஎன்எஸ் மென்பொருளைப் பல ஆண்டுகள் வளர்த்தவர். சோபாவைக் கொண்டுவந்த லாமர் ஸ்மித்தே டிஎன்எஸ் பகுதியை எடுத்துவிடுவதாகச் சொன்னார். ஜனவரி 20 அன்று இரண்டு மசோதாக்களும் ஓரங்கட்டப்பட்டன. மறுநாள் சாயங்காலம் டீக்கடையில் பஜ்ஜி தின்றபோது, ஏதோ நாங்களே போய் ஜெயித்துவிட்டு வந்த மாதிரி ஒரு மிதப்பு.

நாலே மாதம்தான்.

மே மாதம் மேலாளர் ஒரு பிடிஎஃப்பை அனுப்பி, "இன்னிக்கே முடிச்சிடு" என்றார். புதுப் படங்களைத் திருட்டுத்தனமாக ஏற்றுபவர்களுக்கு எதிரான நீதிமன்றத் தடை. எதிராளி யாரென்றே தெரியாத இந்த மாதிரி வழக்குகளில் அவருக்கு வைக்கும் பெயர் அசோக் குமார். வெளிநாட்டில் ஜான் டோ. நம் ஊரில் எத்தனை ஆயிரம் அசோக் குமார்கள் கரண்ட் பில் கட்டிக்கொண்டு நிம்மதியாக இருக்கிறார்களோ, பாவம்.

எங்களிடம் இருந்தது டிஎன்எஸ் மட்டும்தான். அதற்குத் தளத்தின் பெயர் மட்டுமே கண்ணில் படும். பெயருக்குப் பின்னால் வரும் சாய்கோடு, அதற்கப்புறம் இருக்கும் குறிப்பிட்ட வீடியோ எதுவும் தெரியாது. ஒரு வீடியோவை மட்டும் மறைக்க வேண்டுமானால் தனிக் கருவி வாங்க வேண்டும். எங்கள் மாதிரி நிறுவனத்துக்குக் கட்டுப்படியாகாத விலை. பெரிய நிறுவனங்கள் முழுத் தளத்தையே மூடிவிட்டன என்று தெரிந்ததும் மேலாளர் சொன்னார்: "நாமளும் மொத்தமா மூடிடு. கூட மூடினா யாரும் கேஸ் போட மாட்டான். கம்மியா மூடினா நாமதான் கோர்ட்ல நிக்கணும்." அவரை நான் குற்றம் சொல்ல மாட்டேன், கணக்கு சரியான கணக்குத்தான். மூட வேண்டிய தளங்களின் பெயர்களைப் போட்டுவைக்கும் டெக்ஸ்ட் ஃபைலைத் திறந்தேன். விமியோ, டெய்லிமோஷன் என்று வீடியோ தளங்களை வரிசையாக அடித்து ரீலோட் கொடுத்தேன். பால் விக்ஸி வளர்த்த மென்பொருளில், அவர் வேண்டாம் என்று சொன்ன அதே வேலை. அஞ்சு நிமிஷம்கூட ஆகவில்லை. பர்மா பஜாரில் ஒரு கடையில் திருட்டு டிவிடி விற்றான் என்று பாரிமுனையையே இழுத்து மூடிய கணக்கு.

அன்று மாலையே வடபழனியிலிருந்து ஒரு கல்யாண வீடியோக்காரர் கூப்பிட்டார். துபாயில் இருக்கும் மாப்பிள்ளை வீட்டாருக்குக் காட்ட ரிசப்ஷன் வீடியோவை விமியோவில் ஏற்றி வைத்திருந்தார். அவரே எடுத்து, அவரே எடிட் செய்தது. "சார், இது என் வீடியோ சார். நான் யாரைத் திருடினேன்?" உத்தரவு என்று மட்டும் சொன்னேன். நான்தான் மூடினேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

செய்திகளில் அதிகம் அடிபட்டது '3' படத்துக்காக வாங்கிய தடை. அந்தப் படத்தின் 'கொலவெறி' பாட்டு ஆறு மாதம் முன்புதான் யூடியூபில் ஆளாளுக்குப் பகிர்ந்தே உலகம் சுற்றியிருந்தது. ஜூன் 22 அன்று உயர் நீதிமன்றமே தெளிவுபடுத்தியது: குறிப்பிட்ட முகவரிகளைத்தான் தடுக்க வேண்டும், தளம் முழுவதையும் அல்ல. மூடச் சொன்ன மெயில் அவசரக் குறியுடன் வந்தது. திறக்கலாம் என்ற செய்தியை நான் பேப்பரில்தான் படித்தேன். மேலாளரிடம் காட்டினேன். "நமக்கு லெட்டர் வரட்டும்" என்றார்.

திருட்டுப் படத்துக்கு வக்காலத்து வாங்கவில்லை. எங்கள் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் டப்பிங் ஸ்டூடியோ. அதன் மேனேஜர் அண்ணனிடம் இதைச் சொல்லிப் புலம்பினால் ஒரே போடாகப் போடுவார்: "உங்களுக்கு அது சுதந்திரம் தம்பி, எங்களுக்கு அது ஃபைனான்சியர் வட்டி. வெள்ளிக்கிழமை ரிலீஸ், சனிக்கிழமை காலைல போன்ல இருக்கு." உண்மைதான். தமிழ்நாடு 2004-லேயே வீடியோ திருடர்களைக் குண்டர் சட்டத்துக்குள் கொண்டுவந்துவிட்டது. அப்புறமும் நிற்கவில்லை. என் டெக்ஸ்ட் ஃபைலால் நின்றதா? ஒரு பெயரைத் தடுத்தால் மறுநாள் ஒரு எழுத்து மாற்றி வேறு பெயரில் வருவான். கல்யாண வீடியோக்காரரால் அப்படி வர முடியாது.

2017 ஆகஸ்டில் வந்த பட்டியல் இதைவிடப் பெரியது. இரண்டு இந்திப் படங்களுக்காக 2,600-க்கும் மேற்பட்ட தளங்கள். பழைய நூல்களைச் சேர்த்து வைத்திருக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவும் அதில் ஒன்று. வில்லிவாக்கத்திலிருந்து ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் கூப்பிட்டார். "தம்பி, பழைய நூல் ஒண்ணு, நாற்பதாம் பக்கம் வந்திருந்தேன். இப்ப திறக்க மாட்டேங்குது." ஐயா, நீங்க படிச்ச புத்தகத்துக்கும் சினிமாவுக்கும் சம்பந்தமில்லை என்று எப்படிச் சொல்வது? "ரெண்டு நாள் பாருங்க ஐயா" என்றேன். எந்த நம்பிக்கையில் சொன்னேனோ.

அப்போதிலிருந்து ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு வரிக்கும் மேலே ஒரு குறிப்பு: வழக்கு எண், தேதி, யார் சொன்னது. என்றாவது திறக்கச் சொன்னால் தேட வேண்டாமே என்றுதான். 2023-இல் சினிமா சட்டத்தைத் திருத்தி அதிகாரிகளை நியமித்தார்கள். புகார் போனால் 48 மணி நேரத்துக்குள் நடவடிக்கை என்றார்கள். மூடுவதற்கு மணிக்கணக்கில் கெடு இருக்கிறது. தவறாக மூடியதைத் திறக்க ஒரு கெடு எங்கள் கைக்கு வந்த எந்தக் காகிதத்திலும் இல்லை. எந்தப் புது மசோதா வந்தாலும் நான் முதலில் அந்தப் பக்கத்தைத்தான் தேடுகிறேன்.

போன வருடம் வேலையை விட்டேன். கடைசி வாரம், என் இடத்துக்கு வந்த பையனிடம் ஃபைலை ஒப்படைத்தேன். மேலிருந்து கீழே உருட்டிக்கொண்டே போனான். "சார், இதுல பாதி தளம் இப்ப உயிரோடவே இல்லையே. எடுத்துடலாமா?"

வாயில் முதலில் வந்தது, "லெட்டர் இருக்கா?"