பறவைகளை நம்பி வாழ்ந்த ஊர்: செயின்ட் கில்டா

ஸ்காட்லாந்தின் மேற்கே, அட்லாண்டிக் கடலில் இருக்கும் தீவுக்கூட்டமான செயின்ட் கில்டாவுக்குப் போவதென்றால் முதலில் வயிறு ஒத்துழைக்க வேண்டும். ஹாரிஸ் தீவின் லெவர்பர்க்கிலிருந்து படகு கிளம்பிச் சற்று நேரத்திலேயே பாதிப் பேர் பேச்சை நிறுத்திவிட்டார்கள். நானும்தான். அட்லாண்டிக்கில் கிட்டத்தட்ட மூன்று மணி நேரக் குலுக்கல். கடல் கொந்தளித்தால் பயணமே ரத்து. கரை ஏறுமுன் பைக்குள் எலி ஏதும் ஒளிந்திருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார்கள். சிரிப்பு வந்தது. ஆனால் வளை தோண்டிக் குஞ்சு பொரிக்கும் பஃபின் போன்ற பறவைகளுக்கு எலி வந்தால் கதை முடிந்தது.

ஹிர்ட்டாதான் இங்கே மக்கள் வாழ்ந்த பெரிய தீவு. ஊர் என்பது வளைகுடாவைப் பார்த்து வளைந்து போகும் ஒரே தெரு. 1860களில் கட்டிய பதினாறு வீடுகளில் பெரும்பாலானவற்றுக்கு இப்போது கூரை இல்லை. இந்தத் தெருவில்தான் தினமும் காலையில் ஆண்கள் கூடி, அன்றைக்கு என்ன வேலை என்று பேசி முடிவு செய்வார்கள். வெளியூர்க்காரர்கள் அதற்கு 'பார்லிமென்ட்' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

மலைச்சரிவெங்கும் கிளீட் எனப்படும் சின்னக் கல் அறைகள். ஹிர்ட்டாவில் மட்டும் 1,200க்கும் மேல். சாந்து பூசாமல் கல்லின்மேல் கல்லாக அடுக்கிய சுவர், மேலே கற்பலகை, அதற்கும் மேல் புல்லோடு வெட்டிய மண். ஒன்றுக்குள் குனிந்து நுழைந்தேன். செம்மறியின் வாடை. கல் இடுக்கில் கையை வைத்தால் காற்று விரலில் அறைகிறது, ஆனால் தலைமேல் ஒரு சொட்டு ஈரம் இல்லை. இதில்தான் பறவை இறைச்சியைக் காயவைத்து மாதக்கணக்கில் சேமித்தார்கள்.

ஆமாம், பறவைதான். சுற்றிலும் கடல் இருந்தும் மீன் இவர்களுக்கு இரண்டாம்பட்சம். ஆண்கள் கயிறு கட்டிக்கொண்டு வெறுங்காலோடு பாறையில் இறங்கி ஃபுல்மர், கேனட், பஃபின் பிடிப்பார்கள். பிரிட்டனின் மிக உயரமான கடற்பாறைகள் இங்கேதான்; கொனாகெர் முகடு 430 மீட்டர். மேலிருந்து எட்டிப் பார்த்ததற்கே எனக்கு முழங்கால் ஆடியது. ஃபுல்மரின் வயிற்று எண்ணெயில் விளக்கெரியும். தீவின் உரிமையாளரான மெக்லாய்ட் குடும்பத்துக்கு வாடகையும் இறகாக, எண்ணெயாகத்தான் போனது.

இதையெல்லாம் கேட்டு 'ஆஹா, கவலையில்லாத வாழ்க்கை' என்று உருகுகிறவர்கள் எங்கள் படகிலேயே இருந்தார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே பிறந்த குழந்தைகளில் பாதிக்கும் மேல் சில நாட்களிலேயே வில்வாத ஜன்னியில் இறந்தன. ஆங்கஸ் ஃபிடிஸ் என்ற பாதிரியார் சுத்தமான பிரசவ முறையைக் கற்று வந்து, 1890களில்தான் அது நின்றது. அதற்கு முன்பே, 1852இல், 36 பேர் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறியிருந்தார்கள். பலர் வழியிலேயே செத்தார்கள்.

முதல் உலகப் போருக்குப் பிறகு இளைஞர்கள் ஒவ்வொருவராக வெளியேறினார்கள். படகு தள்ளவும் கயிறு பிடிக்கவும் ஆள் வேண்டுமே? தனிமையைவிட இந்த ஆள் பற்றாக்குறைதான் ஊரை முடித்தது என்பது என் எண்ணம். தனிமையில் அவர்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துதானே இருந்தார்கள்! 1930 மே மாதம் தங்களை வெளியேற்றும்படி அவர்களே அரசுக்கு மனு எழுதினார்கள். ஆகஸ்ட் 29 அன்று மிஞ்சியிருந்த 36 பேரும் ஹேர்பெல் என்ற கடற்படைக் கப்பலில் ஏறினார்கள். வீடுகளில் பைபிளைத் திறந்து வைத்து, பக்கத்தில் கொஞ்சம் ஓட்ஸும் வைத்தார்களாம். நாய்களைக் கடலில் மூழ்கடித்துவிட்டார்கள். முதல் விஷயத்தை எல்லோரும் சொல்கிறார்கள், இரண்டாவதைக் கேட்டால்தான் சொல்கிறார்கள்.

அப்புறம், பிழைப்புக்கு வழி? ஹிர்ட்டாவில் மருந்துக்குக்கூட ஒரு மரம் கிடையாது. அங்கிருந்து வந்த ஆண்களில் பலருக்கு அரசு போட்டுக்கொடுத்த வேலை, வனத்துறையில்.