ஊசியா, துப்பாக்கியா?

என் குதிரை செவலை போய் மூன்று வாரம் ஆகிறது. அழுகை ஓரளவு அடங்கிவிட்டது, ஆத்திரம்தான் இன்னும் அடங்கவில்லை. கிழக் குதிரை வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு இன்றைக்கே நாலு இடத்துக்குப் போன் போட்டுவிடுங்கள், அதற்காகத்தான் எழுதுகிறேன்.

அவளுக்கு 24 வயது. குஷிங் நோய் (வயதான குதிரைகளுக்கு வரும் ஹார்மோன் கோளாறு), அதன் பின்னாலேயே குளம்பழற்சி. மூன்றாவது முறை வந்தபோது எக்ஸ்ரேயில் குளம்புக்குள் இருக்கும் எலும்பே சுழன்று, அதன் நுனி உள்ளங்காலை நோக்கி இறங்கியிருந்தது. வலி மருந்து, மெத்தை வைத்த லாடம் எல்லாம் பார்த்தாயிற்று. நல்ல நாள், கெட்ட நாள் என்று காலண்டரில் குறித்து வையுங்கள் என்றார் டாக்டர். குறித்தேன், ஆனால் திருட்டுத்தனமாக. என்னைப் பார்த்து ஒரு தடவை கனைத்தால் போதும், அது நல்ல நாள். கடைசியில் லாயத்தைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன்தான் சொன்னார், "நீங்க வர்ற நேரத்துக்கு மட்டும்தாங்க எழுந்து நிக்குது." குதிரை வலியை மறைக்கும் பிராணி என்று எனக்குத் தெரியாதா என்ன. தெரியும். காலண்டரை உங்களை விட அதிக நேரம் அதோடு இருப்பவர் கையில் கொடுங்கள்.

சரி, இனி வலியில்லாமல் அனுப்பிவிடலாம் என்று, கருணைக்கொலைக்கு முடிவு எடுத்தாயிற்று, டாக்டர் வியாழன் காலை வருகிறேன் என்றார். புதன் சாயங்காலம், உடலை எடுத்துப்போகிறவரிடம் நேரத்தை உறுதி செய்யலாம் என்று கூப்பிட்டால், "ஊசியா, துப்பாக்கியா சார்?" என்கிறார். ஊசி என்றேன். "அப்படின்னா நாங்க எடுக்க மாட்டோமே." இரண்டு வாரம் முன்பு பேசியபோது, முதல் நாள் சொன்னால் போதும் என்று சொன்ன அதே ஆள்! விஷயம் என்னவென்றால், ஊசியில் போடும் பென்டோபார்பிட்டால் மருந்து செத்த பிறகும் உடம்பிலேயே தங்கிவிடும், அந்த இறைச்சியை நாயோ கழுகோ தின்றால் அதுவும் செத்துப்போகலாம். அதனால் உடலை எரிக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆழமாகப் புதைக்க வேண்டும். சரியான இடத்தில் சுட்டால் அதுவும் நொடியில் முடிகிற, வலியில்லாத வழிதான் என்று டாக்டர் சொன்னார். என்னால் முடியவில்லை.

வியாழனைத் தள்ளிப்போட்டோம். புதைக்க அனுமதி கேட்டுப் போன இடத்தில் இருந்த குமாஸ்தா, "மாட்டுக்குப் படிவம் இருக்கு, குதிரைக்கு இல்லையே" என்று அடுத்த ஆளைக் கூப்பிடப் பார்த்தார். அதே படிவத்தை வாங்கி, 'மாடு' என்பதை அடித்துவிட்டு 'குதிரை' என்று எழுதி, கிணறு எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று வரைபடமும் போட்டு நீட்டினேன். முறைத்துவிட்டு முத்திரை குத்தினார். அந்த ஒரு முத்திரைக்காக அவள் இன்னொரு ராத்திரி அந்தக் கால்களில் நின்றாள்.

அடுத்த தப்பு முழுக்க என்னுடையது. நிழலாக, அழகாக இருக்கிறதே என்று மைதானத்தின் அந்தக் கோடியில் மரத்தடியில் குழி வெட்டச் சொல்லிவிட்டேன். அவள் அதுவரை எப்படி நடப்பாள் என்று யோசிக்கவே இல்லை. டாக்டர் முன்னங்கால்கள் இரண்டிலும் மரத்துப்போக ஊசி போட்டார். கொஞ்ச நேரத்தில், மாதக்கணக்காக முள்மேல் நடப்பதுபோல் நடந்தவள், காதை முன்னால் நீட்டிக்கொண்டு விறுவிறுவென்று நடக்க ஆரம்பித்துவிட்டாள். என் கை கயிற்றை அப்படியே திருப்பப் பார்த்தது. "மருந்து நடக்குதுங்க, அவ இல்லை" என்று டாக்டர் மெதுவாகச் சொல்லிக் கயிற்றை வாங்கிக்கொண்டார். நிற்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே குழி வெட்டுங்கள், அழகெல்லாம் அப்புறம்.

மயக்க ஊசி, தலை தொங்கியது, அடுத்த ஊசி கழுத்து நரம்பில், முழங்கால் மடிந்தது. விழும்போது பக்கத்தில் நிற்காதீர்கள், 450 கிலோ எந்தப் பக்கம் சாயும் என்று யாராலும் சொல்ல முடியாது. கண் மூடாது. போன பிறகும் ஒரு பெருமூச்சு வரலாம், தசை துடிக்கலாம். முன்கூட்டியே சொல்லியிருந்தும் நான் "இருக்கா, இருக்கா!" என்று கத்திவிட்டேன். டாக்டர் கண்மணியைத் தொட்டுப் பார்த்து, நெஞ்சில் குழாயை வைத்து நிமிடக்கணக்கில் கேட்டுவிட்டுத்தான் எழுந்தார்.

கூட இருந்த கிழட்டுக் குதிரையைக் கொண்டுவந்து காட்டினோம். முகர்ந்தான், மூக்கால் ஒரு தள்ளு தள்ளினான், கொஞ்ச நேரத்தில் புல் மேயப் போய்விட்டான். அவன்மேல் எனக்கு வந்த கோபம் இருக்கிறதே!

இன்சூரன்ஸ் இருந்தால் நாள் குறிக்கும் முன்பே அவர்களிடம் சொல்லி, எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். நான் பிறகு சொன்னேன், "உயிரோட இருக்கும்போதே சொல்லியிருக்கணும்" என்று பதில் வந்தது, அந்தச் சண்டை இன்னும் ஓடுகிறது. பொக்லைன் ஓட்டுநரைக் குழி வெட்டியதும் அனுப்பிவிடாதீர்கள், உடலைக் குழியில் இறக்கவும் அவர்தான் வேண்டும்.

வால் முடியை முந்தின நாளே வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு நினைவே இல்லை. மண் தள்ளப் போன ஓட்டுநர்தான் வண்டியை நிறுத்தி இறங்கி, "இதை எடுக்கலையா சார்?" என்று கேட்டு, தன் கத்தியால் ஒரு கொத்து அறுத்து, சாக்குச் சணலில் முடிச்சுப் போட்டுக் கையில் கொடுத்தார்.