பையில் இருந்த சீட்டு

2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் முதிரப்புழையாறு பழைய மூணாற்றுக்குள் புகுந்தபோது, ஒரு தேவாலய மண்டபத்தில் திறந்திருந்த முகாமில் நான்கு நாட்கள் அரிசி அளந்து போட்டேன். வந்து தங்கியிருந்தவர்களில் பாதிப் பேர் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள். லயங்களிலிருந்து கைக்குழந்தைகளோடு இறங்கி வந்த அந்தத் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களிடம் யாரும் மதம் கேட்கவில்லை. ஆலயத்து பெஞ்சுகளில் அவர்களுடைய ஈரப் போர்வைகள் காய்ந்தன.

மூன்றாம் நாள் வெளியூரிலிருந்து ஒரு வண்டி நிறைய நிவாரணப் பைகள் வந்தன. பருப்பு, எண்ணெய், சோப்பு, அவற்றுக்கு அடியில் நான்காக மடித்த ஒரு துண்டறிக்கை. எழுபது வயது மதிக்கத்தக்க பாட்டி ஒருவர் அதைப் பிரித்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

“தம்பி, இதுல எங்க கைநாட்டு வைக்கணும்?”

எஸ்டேட்டில் எது வாங்கினாலும் எதிலாவது பெருவிரலை உருட்டியே பழகியவர். “இது சாமி விஷயம் பாட்டி, கைநாட்டெல்லாம் வேண்டாம்” என்றேன். அவர் பருப்பை முந்தானையில் முடிந்துகொண்டு, சீட்டை மடிப்புக் கலையாமல் என்னிடமே திருப்பித் தந்தார். அனுப்பியவர்கள் எந்த மதத்தினர் என்பதை எழுதப் போவதில்லை. எல்லா மதத்திலும் அப்படி அனுப்புகிறவர்கள் உண்டு.

உதவியை எந்த மதக் கருத்தையும் பரப்பப் பயன்படுத்தக் கூடாது என்று 1994இல் நிவாரண அமைப்புகளுக்கான நடத்தை விதிகள் வகுக்கப்பட்டன. செஞ்சிலுவைச் சங்கத்தோடு சேர்ந்து அவற்றை வகுத்தவர்களில் கத்தோலிக்கரின் தொண்டு அமைப்பான காரித்தாசும், லூத்தரன் உலகக் கூட்டமைப்பும், உலகத் திருச்சபைகள் மன்றமும் இருந்தன என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது; சமய அமைப்புகள் தமக்குத் தாமே போட்டுக்கொண்ட கடிவாளம் அது. அந்த விதியை வாசிக்காமலே கடைப்பிடித்தவர்களும் இங்கே உண்டு. 2019 ஆகஸ்டில் கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்துக் கவளப்பாறையில் மலை சரிந்தபோது, அருகிலுள்ள போத்துகல் பள்ளிவாசலின் தொழுகைக்கூடம் பிரேதப் பரிசோதனைக்கு விடப்பட்டது. உள்ளே வந்தது எந்த மதத்தவர் உடல் என்று யாரும் பார்க்கவில்லை.

இப்படிச் சம்பாதிக்கும் நம்பிக்கை போரையே நிறுத்தும் அளவுக்கு வளரக்கூடும். ரோமில் 1968இல் மாணவர்கள் தொடங்கிய சான்ட் எஜிடியோ என்ற கத்தோலிக்கக் குழு, உள்நாட்டுப் போரில் நொறுங்கிக் கிடந்த மொசாம்பிக்குக்கு 1980களில் உணவும் மருந்தும் அனுப்பிவந்தது. அரசும் ரெனாமோ கிளர்ச்சியாளர்களும் 1990இல் நேருக்கு நேர் பேச இணங்கியபோது, அந்தக் குழுவின் ரோம் நகர இல்லத்தில்தான் உட்கார்ந்தார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் இழுத்த பேச்சு 1992 அக்டோபர் 4ஆம் தேதி உடன்படிக்கையாக முடிந்தது. படைபலமோ பெரும் பணமோ இல்லாதவர்களை இரு தரப்பும் நம்பியதற்கு, அவர்கள் அனுப்பிய மூட்டைகளுக்கும் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன். மூட்டைக்குள் கைநாட்டுக் கேட்கும் சீட்டு இருந்திருந்தால் அந்த மேசை அமைந்திருக்குமா என்பது சந்தேகமே.

மறுநாள் அடுத்த வண்டி வந்தது. சமையற்கட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த பாட்டி, தன் பையை வாங்கியதும் பிரிக்காமல் என்னிடம் நீட்டினார்.

“சீட்டு இருக்கான்னு பாரு தம்பி. இருந்தா நீயே வச்சுக்க.”