ஏ12 மேகசின்: இன்சர்ட் ஜோடி சேர்ந்தது, ஒன்று பாக்கி

மாத்தூர் தொட்டிப்பாலத்தில் எடுத்த பிலிம் ரோல் நேற்று காய்ந்தது. பன்னிரண்டு சட்டமும் (பிரேமும்) சீரான இடைவெளியோடு, ஒன்றையொன்று தொடாமல் வந்திருக்கின்றன. இதற்காகத்தான் ஹாசல்பிளாட் 500 சிஎம் கேமராவோடு இவ்வளவு நாள் மல்லுக்கட்டினேன்.

என்னிடம் மூன்று ஏ12 மேகசின்கள், அதாவது பிலிமோடு கேமராவின் பின்னால் மாட்டிக் கழற்றும் பெட்டிகள். கேமராவோடு வந்தது ஒழுங்காக ஓடுகிறது. மற்ற இரண்டையும் பழைய கேமரா விற்கும் ஒருவரிடம் சேர்த்து வாங்கினேன். அவற்றில் ஒன்றை மாட்டி முட்டத்துப் பாறையில் நின்று எடுத்த கலர் ரோலில், கடைசிச் சட்டங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கிடந்தன. வெளிச்சம் புகாமல் அடைக்கும் சீல் போயிருக்கும் என்றுதான் கேட்டவர்கள் எல்லாம் சொன்னார்கள். சீல் போனால் படத்தின் ஓரத்தில் வெளிச்சக் கீற்று விழும், சட்டம் ஏறாது. சட்டம் ஏறினால் பல்சக்கரத்தைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

மேகசினுக்குள் பிலிமைத் தாங்கும் பகுதியான இன்சர்ட்டை உருவிப் பார்த்தால் விஷயம் அங்கேயே எழுதியிருக்கிறது. வெளிக்கூட்டில் முழு வரிசை எண், இன்சர்ட்டில் அதன் கடைசி மூன்று இலக்கம். என் கூடுகள் 417, 862 என்று முடிகின்றன. 417க்குள் இருந்தது 862இன் இன்சர்ட். 862க்குள் இருந்தது 095, என்னிடமுள்ள எதற்கும் சேராதது. எந்த இன்சர்ட்டும் எந்தக் கூட்டுக்குள்ளும் வழுக்கிக்கொண்டு போய்ப் பூட்டிக்கொள்ளும், அதுதான் ஆபத்து. கூட்டின் பல்லும் இன்சர்ட்டின் பல்லும் சேர்ந்தே தேய்ந்தவை. விற்பவர் துடைத்து அடுக்கும்போது இதைப் பார்க்காவிட்டால், வாங்குகிறவன் ரோல் ரோலாகக் காசை விடுகிறான். நாகர்கோவிலில் 120 பிலிம் கடையில் கிடைப்பதில்லை, கூரியரில்தான் வரவேண்டும். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

862ஐ அதன் கூட்டுக்குள் போட்டதும் நல்ல பிலிமை வீணாக்காமல், காலாவதியான ரோலில் சோதித்தேன். ஒரு சட்டம் சுற்றி, பிலிமை வெளிச்சத்திலிருந்து மறைக்கும் தகடான டார்க் ஸ்லைடைப் போட்டு, மேகசினைக் கழற்றி, ஸ்லைடை உருவி, மெல்லிய மார்க்கரால் சட்டத்தின் நாலு ஓரமும் கோடு. மறுபடி ஸ்லைடு, மறுபடி கேமராவில் மாட்டி, ஸ்லைடை எடுத்து, ஷட்டரைத் தட்டி, அடுத்த சட்டம். பொறுமை வேண்டும். மார்க்கரை அழுத்தினால் பிலிம் பின்னால் வளைந்து கோடு பொய் சொல்லும், முனை தொட்டும் தொடாமலும் ஓட வேண்டும். முடிந்ததும் பிலிமைத் தரையில் விரித்து ஸ்கேல் வைத்தால் போதும், டெவலப் செய்யவே வேண்டாம். 862 அருமை. 417க்குள் 095 போட்டால் எட்டாவது சட்டத்துக்கு மேல் இடைவெளி சுருங்கிக்கொண்டே போகிறது.

இனி மாறாமலிருக்க நெயில் பாலிஷ். இன்சர்ட்டின் மடக்குச் சாவி வெளியே தெரியும் அல்லவா, அதில் ஒரு புள்ளி, பக்கத்திலேயே கூட்டின் ஓரத்தில் அதே நிறத்தில் இன்னொரு புள்ளி. 862க்குச் சிவப்பு, அதில் கலர் பிலிம் மட்டும். கேமராவோடு வந்ததற்கு வெள்ளை, அது கருப்பு வெள்ளைக்கு. ஸ்டிக்கர் ஒட்டிப் பார்க்காதீர்கள், நம் ஊர் உப்புக்காற்றில் பசை ஊறி வழுக்கிவிடும்.

அப்புறம் ஒன்று. உபரி இன்சர்ட் வாங்கி முன்கூட்டியே பிலிம் சுற்றிவைக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு: மாமியா 645இல் தாராளமாகச் செய்யுங்கள், அதன் இன்சர்ட்டுகள் அதற்கென்றே செய்தவை. ஹாசல்பிளாட்டில் முழு மேகசினாகவே வாங்குங்கள், வாங்குமுன் இரண்டு எண்ணையும் போட்டோவாகக் கேளுங்கள். எண்ணுக்கு முன்னாலுள்ள இரண்டு எழுத்தில் தயாரித்த வருஷமும் இருக்கிறது. விஎச்பிக்சர்ஸ் (VHPICTURES) என்ற பத்து ஆங்கில எழுத்துக்கும் வரிசையாக 1 முதல் 9, கடைசியில் 0. யூஎச் (UH) என்றால் 72, அதாவது 1972.

417 இன்னும் பாக்கி. அதன் சொந்த இன்சர்ட் எங்கோ யாருடைய கூட்டுக்குள்ளோ ஓடிக்கொண்டிருக்கும். யாரிடமாவது 095 என்று முடியும் கூடும் 417 என்ற இன்சர்ட்டும் இருந்தால் சொல்லுங்கள், மாற்றிக்கொள்ளலாம். அதுவரை மற்ற இரண்டுக்கும் டார்க் ஸ்லைடு சீல் மாற்றப் போகிறேன். நுரையும் பிளாஸ்டிக் தகடும் வந்துவிட்டன, தகட்டை மடிக்கும் கோணம்தான் இன்னும் கைக்கு வரவில்லை.