நாகானா கேள்விக்குப் படிப்பது எப்படி: மூன்று ட்ரிப்பனோசோம், ஒரே கேள்வி

கால்நடை மருத்துவத் தேர்வில் ட்ரிப்பனோசோம், அதாவது இரத்தத்தில் வாழும் ஒற்றைச்செல் ஒட்டுண்ணி, என்றால் நம் மாணவர்கள் நம் ஊரில் அது தரும் சுரா நோயைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். இவான்சி என்ற இனம், அதைக் கடத்தும் டபானஸ் ஈ, குதிரை, ஒட்டகம் என்று கடகடவென்று வரும். "தூக்க நோய் உள்ள பகுதியில் மாடுகளின் இரத்த ஒட்டுண்ணிகளை விவரி" என்று கேள்வி திரும்பினால்தான் தடுமாற்றம். தூக்க நோய் என்பது ஆப்பிரிக்காவில் செட்சி ஈ கடித்து மனிதருக்கு வரும் ட்ரிப்பனோசோம் நோய், மாட்டுக்கு வருவது நாகானா. செட்சி ஈ, நாகானா, டிமினசின் (அதற்கான மருந்து) என்ற மூன்று சொற்களை வைத்துக்கொண்டு நான்கு பக்கம் நிரப்பப் பார்ப்பார்கள். மதிப்பெண் விழாது.

முதலில் ஓர் இடத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். "ஆப்பிரிக்காவில்" என்று பொத்தாம்பொதுவாகத் தொடங்கினால் விடை எங்கும் நிற்காது. தென்கிழக்கு உகாண்டாவின் டொரோரோ, புசியா பக்கம் இந்தக் கேள்விக்கென்றே அமைந்தது போன்றது. நாட்டு ஜெபு மாடுகள், நீர்நிலையோரப் புதர்களில் வாழும் குளோசினா பஸ்சிபெஸ் என்ற செட்சி ஈ, போதாததற்கு உண்ணிகள். தூக்க நோயின் இரண்டு வடிவங்களும் இருந்த ஒரே நாடு உகாண்டா. காம்பியென்ஸ் வடமேற்கில், ரொடீசியென்ஸ் தென்கிழக்கில். மாடு முக்கியக் கொள்ளிடமாக, அதாவது ஒட்டுண்ணி தங்கியிருந்து பரவும் இடமாக, இருப்பது ரொடீசியென்ஸுக்குத்தான். இந்த ஒரு வரியைத் தலைகீழாக எழுதிக் கோட்டை விடுபவர்கள் நிறைய.

மாட்டில் நோய் தரும் ட்ரிப்பனோசோம்கள் முக்கியமாக மூன்று: காங்கொலென்ஸ், விவாக்ஸ், புரூசி. இவற்றை அட்டவணை போட்டு நெட்டுரு செய்யாதீர்கள். மூன்றையும் பார்த்து "நீ எங்கே குடியிருக்கிறாய்?" என்று ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டே போங்கள். ஈக்குள் எங்கே, மாட்டுக்குள் எங்கே, சோதனைக்கு இரத்தம் ஏற்றிய நுண்குழாய்க்குள் எங்கே. பாதிப் பாடம் அதிலேயே விளங்கிவிடும்.

ஈக்குள் விவாக்ஸ் உறிஞ்சுகுழலோடு நின்றுவிடும். காங்கொலென்ஸ் நடுக்குடலில் பெருகி உறிஞ்சுகுழலுக்கு வரும். புரூசி நடுக்குடலில் தொடங்கி உமிழ்நீர்ச் சுரப்பி வரை போக வேண்டும். பயணம் நீள நீளத் தேறும் ஈக்கள் குறையும். அதனால்தான் ஈக்களை அறுத்துப் பார்த்தால் விவாக்ஸ் தொற்று அதிகமாகவும் புரூசி தொற்று மிக அரிதாகவும் தெரிகிறது. விவாக்ஸுக்கு ஈக்குள் பெரிய வேலை இல்லை. ஆகவே மாட்டு ஈயும் ஸ்டோமாக்சிஸ் என்ற கடிக்கும் ஈயும் வாயில் ஒட்டிய இரத்தத்தோடு அப்படியே கடத்திவிட, செட்சியே இல்லாத தென் அமெரிக்காவிலும் அது நிலைத்துவிட்டது.

மாட்டுக்குள் வருவோம். காங்கொலென்ஸ் இரத்தக் குழாயை விட்டு வெளியேறாது. நுண்குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். கழுத்துச் சிரையில் எடுத்த இரத்தத்தைவிடக் காது ஓரத்தில் குத்தி எடுத்த துளி ஏன் சிறந்தது என்ற கேள்விக்கு இதுதான் பதில். நெடுநாள் இரத்தசோகை, மெலிவு, கருச்சிதைவு எல்லாம் இதன் கைவரிசை. விவாக்ஸ் கிழக்கு ஆப்பிரிக்காவில் சில சமயம் இரத்தப்போக்கோடு வந்து சில வாரங்களில் மாட்டைச் சாய்த்துவிடும். புரூசி திசுக்களுக்குள் புகுந்துவிடும். இரத்தத்தில் எண்ணிக்கை குறைவு, ஜெபு மாட்டுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. ஆனால் அந்தப் புரூசிக்குள்தான் மனிதரைக் கொல்லும் துணையினமான ரொடீசியென்ஸ் ஒளிந்திருக்கிறது. மாட்டுக்காரருக்குக் கவலை தருவது ஒன்று, சுகாதாரத் துறைக்குக் கவலை தருவது வேறொன்று. விடையின் முதுகெலும்பு இந்த முரண்தான். முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

செய்முறைத் தேர்வில் அதிகம் சறுக்குவது பஃபி கோட் முறையில் (சுழற்றிய இரத்தத்தில் வெள்ளணுக்கள் சேரும் வெள்ளைப் படலத்தில் ஒட்டுண்ணியைத் தேடுவது). இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் தடவிய நுண்குழாயில் முக்கால் பங்கு இரத்தம் ஏற்றி, ஒரு முனையைக் களிமண்ணால் அடைத்து, மைக்ரோஹெமட்டோகிரிட் சென்ட்ரிபியூஜில் நிமிடத்துக்கு 12,000 சுற்றில் 5 நிமிடம் சுழற்றுங்கள். அடைத்த முனை வெளிப்பக்கம் இருக்க வேண்டும். மாற்றி வைத்தால் குழாய் காலி, மூடி முழுக்க இரத்தம். உடனே பி.சி.வி. (இரத்தத்தில் சிவப்பணுக்களின் சதவீதப் பங்கு) பார்த்துக் குறித்துவிடுங்கள், குழாயை வெட்டிய பிறகு அது கிடைக்காது. பிறகு வைரமுனைப் பேனாவால் வெள்ளைப் படலத்துக்கு 1 மி.மீ. கீழே, அதாவது சிவப்பணுப் பகுதியில், கீறி உடைக்க வேண்டும். ஏன் கீழே? காங்கொலென்ஸ் சிவப்பணுக்களின் மேல் அடுக்கில் தங்கும். விவாக்ஸும் புரூசியும் படலத்திலும் அதற்கு மேல் பிளாஸ்மாவிலும் இருக்கும். படலத்துக்கு மேலே வெட்டினால் அந்த ஊரில் மாட்டை அதிகம் வருத்தும் ஒட்டுண்ணியைக் குப்பையில் போட்டதாகிவிடும். நிறையக் கீழே வெட்டினால் ஸ்லைடில் சிவப்புச் சுவர்தான் தெரியும்.

படலத்தையும் சிறிது பிளாஸ்மாவையும் ஸ்லைடில் இறக்கி, கவர்ஸ்லிப் போட்டு, டார்க் கிரவுண்டிலோ பேஸ் கான்ட்ராஸ்டிலோ பாருங்கள். இங்கே அடையாளம் அசைவுதான். விவாக்ஸ் பார்வைப் புலத்தைக் குறுக்கே கடந்து விர்ரென்று ஓடும். புரூசி வேகமாக நெளியும், ஆனால் நின்ற இடத்தைச் சுற்றியே. காங்கொலென்ஸ் சோம்பேறி, சிவப்பணுவில் ஒட்டிக்கொண்டு அதை ஆட்டிக்கொண்டிருக்கும். மாதிரி வெயிலில் கிடந்தாலோ மணிக்கணக்கில் தாமதித்தாலோ அசைவு நின்றுவிடும். அப்புறம் நேர்மறை மாடும் எதிர்மறையாகத்தான் தெரியும். ஐஸ்பெட்டியில் குளிர்ச்சியாக வைக்கலாம், உறைய விடக்கூடாது.

கீம்சா சாயமிட்ட ஸ்லைடில் கைனெட்டோபிளாஸ்ட் (கசையிழையின் அடியில் உள்ள டி.என்.ஏ. பொட்டு) எங்கே என்று பாருங்கள். பெரியதாக, உருண்டையான பின்முனையின் விளிம்பிலேயே இருந்தால் விவாக்ஸ். சிறிய உடல், ஓரத்தை ஒட்டிய கைனெட்டோபிளாஸ்ட், வெளியே நீளாத கசையிழை என்றால் காங்கொலென்ஸ். பொட்டு போன்ற சிறு கைனெட்டோபிளாஸ்ட், அலை அலையாக எடுப்பான சவ்வு, ஒரே ஸ்லைடில் ஒல்லியும் குட்டையுமான வடிவங்கள் என்றால் புரூசி. மூன்றையும்விடப் பல மடங்கு பெரிதாக ஒன்று தெரிந்தால் அது தைலேரி என்ற ட்ரிப்பனோசோம், தீங்கற்றது. அதைப் பார்த்து நாகானா என்று எழுதியவர்கள் உண்டு.

ஸ்லைடு கெடும் காரணங்களையும் வாய்மொழித் தேர்வான வைவாவில் கேட்பார்கள். சாயநீரின் பி.எச். 7.2-ஐ விட்டு அமிலப் பக்கம் சாய்ந்தால் உட்கருவும் கைனெட்டோபிளாஸ்ட்டும் வெளிறிவிடும். பார்மலின் புட்டியுடன் ஒரே பெட்டியில் வைத்த ஸ்மியர், ஆவி பட்டே வீணாகும். காயவைத்த ஸ்மியரை மூடாமல் விட்டால் வீட்டு ஈ வந்து நக்கித் தின்றுவிடும். சிரிக்க வேண்டாம், களத்தில் இது அன்றாடத் தொல்லை.

கேள்வி "இரத்த ஒட்டுண்ணிகள்" என்று பன்மையில் இருப்பதைக் கவனியுங்கள். அதே மாட்டின் மேல் உண்ணிகளும் இருக்கின்றன. ரைப்பிசெஃபாலஸ் அப்பெண்டிகுலேட்டஸ் உண்ணி கடத்தும் கிழக்குக் கரைக் காய்ச்சலில் நிணநீர்க் கணுக்கள் வீங்கும், கடைசியில் மூச்சுத் திணறும். கணுவில் ஊசியிட்டு எடுத்த ஸ்மியரில் காக்கின் நீலப் பொருள்கள், அதாவது வெள்ளணுவுக்குள் பெருகும் ஒட்டுண்ணி, தெரியும். நம் ஊர்த் தைலேரியா அனுலாட்டா வேறு, இதைத் தருவது தைலேரியா பார்வா. சிவந்த சிறுநீர் என்றால் முதலில் உண்ணி கடத்தும் இன்னோர் ஒட்டுண்ணியான பபேசியாவை நினையுங்கள். அனாப்ளாஸ்மாவில் மஞ்சள் காமாலை வரும், சிறுநீர் சிவக்காது. அதை ஒட்டுண்ணி என்று எழுதாதீர்கள், அது பாக்டீரியா வகை. ஒரு பொறியும் உண்டு: டிமினசின் பபேசியாவுக்கும் கேட்கும். ஊசி போட்டதும் மாடு தேறியது என்பதால் நோய் ட்ரிப்பனோசோம்தான் என்று முடிவு கட்ட முடியாது. பி.சி.வி. 24 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் சந்தேகிக்கலாம், ஆனால் குடற்புழுவும் பட்டினியும்கூட அதை இறக்கும்.

மருந்துக் கணக்கில் போகும் மதிப்பெண்தான் வயிற்றெரிச்சல். டிமினசின் அளவு கிலோவுக்கு 3.5 மி.கி., தசையில். வழக்கமான 2.36 கிராம் பொட்டலத்தில் மருந்து 1.05 கிராம்தான், மீதி 1.31 கிராம் பெனசோன் என்ற துணைப்பொருள். 1,050-ஐ 3.5-ஆல் வகுத்தால் 300 கிலோ. கரைத்த பின் மொத்தம் 15 மி.லி. என்றால் 20 கிலோவுக்கு 1 மி.லி. பொட்டலத்தின் மேல் உள்ள 2.36-ஐ வைத்துக் கணக்குப் போட்டால் 674 கிலோ வரும். அப்படிப் போட்ட ஊசி பாதி அளவுக்கும் குறைவு, ஒட்டுண்ணிக்கு மருந்து எதிர்ப்புத்திறன் வளர்க்க இதைவிட நல்ல வழி இல்லை. எடையைக் கண்ணால் மதிப்பிடாமல் மார்புச் சுற்றளவு நாடாவால் அளக்கச் சொல்வதும் இதற்காகத்தான். எதிர்ப்புத்திறன் இருந்தாலோ புரூசி என்றாலோ 7 மி.கி. வரை போவார்கள். தடுப்பாகப் போடும் ஐசோமெட்டாமிடியம் கிலோவுக்கு 0.5 முதல் 1 மி.கி., 2 முதல் 4 மாதம் பாதுகாப்பு. ஆழமான தசையில் போட வேண்டும், போட்ட இடம் வீங்கித் தடிக்கும்.

மனிதர் பக்கத்துக்கு ஓர் உதாரணம் போதும். 1998 டிசம்பரில் உகாண்டாவின் சொரோட்டியில் ரொடீசியென்ஸ் தலைகாட்டியது. அதற்கு முன் அங்கே அது கிடையாது. புரூக்ஸ் கார்னர் கால்நடைச் சந்தைக்கு வந்த மாடுகளில் பாதிக்கு மேல் தூக்க நோய்ப் பகுதிகளிலிருந்து வந்தவை என்று பின்னர் தெரிந்தது. ஈ அவ்வளவு தூரம் பறந்து போகவில்லை, மாடு நடந்து போனது. விற்பனைக்கு முன் மாட்டுக்கு ஊசி போடுவது ஏன் என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். 2006-இல் தொடங்கிய பெருந்திட்டத்தில் ஊசியோடு டெல்டாமெத்ரின் பூச்சிக்கொல்லித் தெளிப்பும் சேர்ந்தது. செட்சி பெரும்பாலும் காலிலும் வயிற்றிலும் கடிப்பதால் அங்கே தெளித்தால் போதும். காதையும் சேர்த்தால் உண்ணிக்கும் ஆகும், மருந்துச் செலவும் குறைவு.

மைக்ரோஸ்கோப்பில் ரொடீசியென்ஸையும் சாதாரணப் புரூசியையும் பிரிக்க முடியாது. ரொடீசியென்ஸில் மட்டும் உள்ள எஸ்.ஆர்.ஏ. மரபணுவை பி.சி.ஆரில் தேட வேண்டும். மனித இரத்தத்தின் ஏ.பி.ஓ.எல்.1 புரதம் சாதாரணப் புரூசியைக் கொன்றுவிடும், எஸ்.ஆர்.ஏ. அந்தப் புரதத்தை முடக்கும். இதைப் புரிந்துகொண்டால் வைவாவில் வரும் கடைசிக் கேள்வியும் எளிது: இந்தியாவில் சுரா மனிதருக்கு வந்ததுண்டா? உண்டு. 2004-இல் மகாராஷ்டிராவில் ஒரு விவசாயிக்கு. இவான்சியைக் கொல்ல வேண்டிய, வேலை செய்யும் ஏ.பி.ஓ.எல்.1 அவர் உடலில் இல்லை. சுராமின் மருந்து கொடுத்துக் குணமாக்கினார்கள்.